ஜன்னலுக்குக் கீழே முளைத்த ஆளி

அந்தச் செடி எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே மட்டும்தான் முளைத்திருந்தது. மராத்தி பேசுகிற ஊரான தேஹு ரோடில் நாங்கள் குடியிருக்கிற லைனில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாக்கடை. எல்லா ஜன்னலும் அதைப் பார்த்துத்தான். மற்ற ஜன்னல்களுக்குக் கீழே புல் இருந்தது, பாசி இருந்தது, கிழிந்த பால் கவர் கிடந்தது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே மட்டும், சுவரும் சிமெண்டும் சேருகிற வெடிப்பில், வெளுத்த பச்சையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடிக்கூட்டம். நுனியில் உப்பைத் தூவினது மாதிரி வெள்ளைப் பூ. வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் பின்பக்கம் நிறுத்திய பைக்கை எடுப்பேன். ஏதோ களை என்று நினைத்தேன். களைக்கு யார் பேர் கேட்பார்கள்?

பிள்ளைகளே, நான் பத்தாவது முடித்த கையோடு சித்தப்பாவுடன் இந்த ஊருக்கு வந்தவன். கசார்வாடியில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறேன். செடிகொடியைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இந்த ஒரு செடியை நான் இதழ் இதழாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்களும் வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் இரண்டு பாஷை என்று வளர்கிறவர்கள்தானே.

அந்தக் குளிர்காலத்தில் என் மனைவி வயிற்றில் குழந்தையோடு இருந்தாள். எங்கள் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒன்று உண்டாகி, தங்காமல் போய்விட்டது. ஏன் போனது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. காலையில் எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வீட்டுக்கு வந்தோம். அதனால் இந்த முறை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. குழந்தைக்குப் பேர் யோசிக்கவில்லை, துணி வாங்கவில்லை. மகள் கதவைச் சாத்தும்போது கூட இடையில் விரலைக் கொடுத்து மெதுவாகச் சாத்துவாள். வீட்டில் எதையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி எல்லாரும் நடமாடிக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்குத் திருவண்ணாமலைப் பக்கம். முதல் பிரசவம் அங்கேயே, தாய்வீட்டில் நடந்தது. ஆகையால் இந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை பெறும் காலத்தில் எதைத் தின்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு எங்கே தெரியப்போகிறது.

தீபாவளி முடிந்த சமயம் அவளுக்கு மலச்சிக்கல் வந்து வயிறு உப்பிக்கொண்டது. ஊரில் இருக்கிற அவளுடைய அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா உடனே ஆளி விதை என்று சொல்லிவிட்டாள். ராத்திரி ஒரு ஸ்பூன் ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம். அவள் தெருவில் இப்போது எல்லாரும் அதைத்தான் குடிக்கிறார்களாம். என் மனைவி அந்த விதையைக் கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் ஊரில் இருந்த வரைக்கும் யார் வீட்டிலும் அது இருந்ததில்லை.

அன்றைக்கே மளிகைக் கடைக்குப் போனோம். நான் பைக்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கிப் போய், தனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஆளி இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் மராத்திக்காரர். "அளீவ்? இருக்கே" என்று ஒரு டப்பாவைத் திறந்து அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எனக்கு இரண்டு வார்த்தையும் ஒன்றாகத்தான் கேட்டது. வண்டியில் வரும்போது, நம்ம ஆளியை இவர் எப்படி இழுக்கிறார் பார் என்று அவள் சிரித்தாள். அந்தக் காலத்தில் அவள் சிரிப்பதே குறைவு. அதனால் நானும் சிரித்தேன்.

விதை செம்பு நிறத்தில், எள்ளைவிட ஒல்லியாக இருந்தது. ஊறவைத்துக் காலையில் பார்த்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்பு. அவளுக்குச் சந்தேகமாக இருந்தது போல, அக்காவுக்குப் போன் போட்டாள்.

"வழவழன்னு ஆச்சா?"

"ஆச்சுக்கா. தவள முட்ட மாதிரி கீது."

"அப்ப அதேதான். கண்ண மூடிக்கினு முழுங்கு."

ஆளி விதையும் ஊறினால் வழவழப்பாகத்தான் ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். சோதனை சரியான சோதனை மாதிரியே இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

தினமும் குடித்தாள். டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் அவளால் விழுங்க முடியாது, குமட்டும். தண்ணீர் ஊற்றி அலசி, ஜன்னல் கம்பி வழியாகப் பின்பக்கம் வீசிவிடுவாள். பக்கத்து ராணுவ டிப்போவில் காலைச் சங்கு ஊதுகிற நேரமும் அவள் டம்ளரை அலசி வீசுகிற நேரமும் ஒன்றாக இருக்கும். வயிறு லேசாகிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். பொட்டலம் தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பொங்கல் சமயத்தில் அது ஆரம்பித்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"வயிறு கல்லு மாதிரி ஆவுதுங்க. அப்புறம் வுட்டுடுது."

என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். நிஜமாகவே கல். நான் கையை எடுக்காமலே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ கைப்பிடியைத் தளர்த்தின மாதிரி இளகியது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் அடிக்கடி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, சில பேருக்கு இப்படி இறுகி இளகுவது உண்டு, இருந்தாலும் உங்களுக்கு முன்பு ஒன்று போயிருப்பதால் படுத்தே இருங்கள் என்றார். வலியோ ரத்தமோ கண்டால் உடனே வரச் சொன்னார். தான் கொடுத்ததைத் தவிர வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்று என் மனைவி சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆளி விதை மருந்தா என்ன, சாப்பாட்டுச் சாமான்தானே. எனக்கும் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

படுத்தே இருந்ததால் மலச்சிக்கல் திரும்பவும் வந்தது. ஒரு ஸ்பூனை இரண்டு ஸ்பூன் ஆக்கினாள்.

இந்த நிலைமையில்தான் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலை கொண்டுவந்தாள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் தானாக முளைத்திருக்கிற, ஆனால் நம் நாட்டைச் சேராத ஒரு செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். பூவோடு காயவைத்து சார்ட்டில் ஒட்ட வேண்டும். எந்தக் குடும்பம், எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் கிடைப்பதை எடுத்துவிட்டார்களாம். இவளுக்கு யாரும் எடுக்காதது வேண்டும். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு தூரமாகப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் போனோம்.

"அப்பா, இது நல்லா இருக்கு. பூ ஒயிட் இருக்கு." அவளுடைய தமிழ் அப்படித்தான், ஹிந்தி நடையில் நடக்கும்.

சாக்கடைக் கல் மேல் குந்திக்கொண்டோம். முதலில் போனில் படம் பிடித்தாள். செடியின் படத்தைக் காட்டினால் பேர் சொல்கிற ஆப் ஒன்று வைத்திருந்தாள். பூ ரொம்பச் சின்னது, வெயிலில் படம் கலங்கிவிட்டது. அது ஒரு தடவை ஒரு பேர் சொன்னது, மறுதடவை வேறு பேர் சொன்னது. அப்படி விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒர்க்ஷாப்பில் ட்ரில் முனை மழுங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன். அதை டிபன் பையிலிருந்து எடுத்துவந்தேன். அளவு எடுக்காமல் எதையும் பாஸ் பண்ணக் கூடாது என்பது எங்கள் வேலையில் பழகிப்போன விஷயம்.

லென்ஸுக்குக் கீழே அந்தப் பூ பெரிதாகிவிட்டது. நாலு இதழ். ஒன்றுக்கொன்று எதிரெதிராக. மகள் அதைப் பார்த்துவிட்டு ப்ளஸ் சைன் என்றாள். ஆமாம், கூட்டல் குறிதான். ஊசி முனையால் நடுவில் மகரந்தம் தாங்கி நிற்கிற தந்துகளைப் பிரித்தேன். நாலு நெட்டை, இரண்டு குட்டை. அவள் போனில் தேடிப் படித்தாள். நாலு இதழ் கூட்டல் குறி மாதிரி, நாலு நெட்டைத் தந்து, இரண்டு குட்டைத் தந்து இருந்தால் கடுகுக் குடும்பமாம். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு, காலிபிளவர் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அடுத்த முறை முள்ளங்கி பூத்திருந்தால் நீங்களும் பாருங்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

பூவுக்குக் கீழே காய் பிடித்திருந்தது. தட்டையாக, முட்டை வடிவில், தலையில் மட்டும் ஒரு சின்ன வெட்டு. நகத்தால் கீறினேன். உள்ளே நடுவில் சுவர் வைத்து இரண்டு அறை. ஒரு அறைக்கு ஒரு விதை. நான் கீறின முதல் காயில் ஓர் அறையில் விதை இருந்தது, இன்னொன்று காலி. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கீழே போட்டுவிட்டு வேறு காயைக் கீறினேன்.

இலையை நான் தடுப்பதற்குள் கடித்துவிட்டாள். துப்பிவிட்டு, மிளகு மாதிரி எரிகிறது என்றாள். தெரியாத செடியை வாயில் வைக்காதே என்று அதட்டினேன். பிள்ளைகளே, உங்களுக்கும் அதுதான். செடியை அடையாளம் காண கண்ணும் லென்ஸும் போதும், நாக்கு வேண்டாம்.

இத்தனையும் தெரிந்த பிறகு நிழலில் வைத்து மறுபடி படம் எடுத்தாள். இந்த முறை ஆப் திரும்பத் திரும்ப ஒரே பேரைச் சொன்னது. இங்கிலீஷில் ஒரு பேர். ஈரான், எகிப்துப் பக்கத்திலிருந்து வந்து நம் நாட்டில் பயிரானது. தப்பித்து வெளியே விழுந்தால் சாக்கடையோரத்தில் கூட முளைக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு மொழியிலும் பேர் போட்டிருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, "ஆ... ளி" என்றாள்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பார்த்தாயா, நம்ம அம்மா வீசினதுதான் முளைத்திருக்கிறது! உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். படுத்திருந்தவள் தலையைத் திருப்பி, அப்படியானால் சார்ட்டில் என் பேரையும் போடச் சொல்லுங்கள், நான்தானே விவசாயம் பண்ணினேன் என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து மூன்று நாலு தடவை இறுகிவிட்டது என்றாள்.

பின்பக்கம் திரும்பி வந்தால் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சார்ட்டில் வரைவதற்காகத் தமிழில் ஆளி என்று போட்டுப் படம் தேடியிருக்கிறாள். போனை என்னிடம் நீட்டினாள். அதில் இருந்த பூ நீலம். இதழ் ஐந்து. விதை தட்டையாக, பெரிதாக, பழுப்பாகப் பளபளத்தது.

"அப்பா, இது வேற. பேரு ஒன்னு. செடி ரெண்டு."

நான் அந்தப் படத்தையும் செடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐந்து, நாலு. நீலம், வெள்ளை. ஒரு பேருக்குள் இரண்டு செடி உட்கார்ந்திருக்கிறது. அக்கா சொன்னது எது? இந்த ஊர்க் கடைக்காரர் கொடுத்தது எது? சமையலறைக்குப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, பக்கத்தில் காயிலிருந்து எடுத்த விதையை வைத்து லென்ஸில் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே ஒல்லி. மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டு, அவள் வீட்டு ஆளி விதையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூட வேலை என்றேன். படம் வந்தது. பழுப்பு, தட்டை, பெரிது.

அப்படியானால் என் மனைவி மாதக்கணக்காகக் குடித்துக்கொண்டிருப்பது என்ன?

அதுவரைக்கும் கூட எனக்குப் பெரிய பயம் வரவில்லை. கடுகுக் குடும்பம்தானே, கடையில் விற்கிற சாமான்தானே என்று இருந்தேன். பக்கத்து வீட்டுக் காக்கு அப்போது தன் பின்வாசலில் காய்ந்த மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். காக்கு என்றால் மராத்தியில் சித்தி மாதிரி, லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காக்குதான். என்ன இவ்வளவு நேரமாக அப்பாவும் மகளும் சாக்கடையில் தங்கம் தேடுகிறீர்களா என்று கிண்டல் பண்ணினார். மகள் செடியை எடுத்துப்போய்க் காட்டினாள். காக்கு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"அட, இது அளீவ் இல்லையா? உன் அம்மாவுக்காக இப்பவே விளைய வைக்கிறியா? கெட்டிக்காரி."

எதற்கு அம்மாவுக்கு என்று நான் கேட்டேன். என் ஒர்க்ஷாப் மராத்தியில்தான் கேட்டேன். காக்கு விளக்கமாகச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு இதில் தேங்காயும் வெல்லமும் போட்டு லாடு பிடித்துக் கொடுப்பார்களாம். இடுப்புக்குப் பலமாம், பால் ஊறுமாம். குழந்தை பிறக்கட்டும், நானே செய்து கொண்டுவருகிறேன் என்றார். அதற்கு முன்னால் சாப்பிடக் கூடாதா என்று கேட்டேன்.

காக்கு சிரித்தார். "வயித்துல இருக்கும்போதா? அப்ப இந்த டப்பாவையே நாங்க வீட்டுல உசரத்துல வச்சுடுவோம். இது வயித்தை இறுக்கிக் கீழே தள்ளும்னு எங்க பக்கம் சொல்வாங்க."

சொல்லிவிட்டு என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பாதி காலியாகியிருந்த பாட்டில். அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றது. மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

"யார் சாப்பிட்டது?" என்றார்.

நான் எங்கள் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கையைக் கூட அலம்பாமல், எங்கள் பின்வாசல் வழியாக உள்ளே போனார்.

நான் அங்கேயே கொஞ்சம் நின்றேன். சுவர் வெடிப்பு முழுவதும் அந்தப் பூ. காற்றே இல்லை, ஆனால் நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு செடியும் ஒரு காலை நேரம் என்று எனக்குத் தோன்றியது. அவள் குடித்து, அலசி, வீசின ஒவ்வொரு காலையும் வரிசையாக எங்கள் சுவரோரம் முளைத்து நிற்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பைக்கை எடுத்திருக்கிறேன்.

உள்ளே போனபோது என் மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காக்கு ஹிந்தியில் அவசரமாகச் சொன்னதில் அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. மீதி என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"இன்னாங்க, மதியத்துலேர்ந்து அது அசையவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷேர் ஆட்டோ குறைவு. ஒன்றை முழுசாகப் பேசிப் பிடித்தேன். மகளைக் காக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அவள் அதற்குள் ஆட்டோவில் ஏறி அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு செடியை வேரோடு பிடுங்கி பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். ஹைவேயில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரிடம் மெதுவாக, மெதுவாக என்றேன். என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஆட்டோ முழுக்க அந்தச் செடியின் காரமான வாசனை. கசக்காமலே வாசனை வந்தது. பேப்பரை வெளியே எறிந்துவிடலாமா என்று தோன்றியது. டாக்டருக்குக் காட்ட வேண்டுமே என்று மடியிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். போன தடவையும் இதே மாதிரி ஒரு காலண்டரைத்தான் பார்த்தேன். அப்புறம் தூரத்தில் குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

டாக்டரம்மா செடியையும் பாட்டிலையும் பார்த்தார். நான் நாலு இதழ், ஆறு தந்து என்று சொல்ல ஆரம்பித்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அளீவ்தான், எங்கள் வீட்டிலும் உண்டு என்றார். இதனால்தான் இறுகியதா என்று கேட்டேன். இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். இதனால் இல்லை என்று சொல்லுங்களேன் என்றேன். அதையும் என்னால் சொல்ல முடியாது, இன்றோடு நிறுத்துங்கள் என்றார். ஊசி போட்டு, ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். விடியும் முன் குழந்தை ஒரு உதை விட்டது என்று என் மனைவி சொன்னாள். நம்பிக்கை வருவதற்காக நானும் கையை வைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற மாதிரி ஏதோ நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தச் செடியை எல்லாம் பிடுங்கினதுதான். சுலபமாக வந்துவிட்டது, வேர் ஆழமில்லை. ஆனால் காய் முற்றியிருந்தது. பிடுங்கப் பிடுங்க விதை உதிர்ந்தது. ஈரம் பட்டதும் அது சிமெண்டில் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். விளக்குமாற்றால் பெருக்கினால் விளக்குமாற்றில் ஒட்டியது, என் செருப்பில் ஒட்டியது. ஒரு வாரத்தில் வெடிப்பில் மறுபடி சின்னச் சின்னப் பச்சை. இது நம் நாட்டுச் செடி இல்லை என்று சார்ட்டில் எழுதிவிட்டோம். அதற்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் சுவரில் அது குடியேறிவிட்டது.

மகள் ஒரு செடியை மட்டும் காயவைத்து ஒட்டினாள். கடுகுக் குடும்பம் என்று எழுதினாள். தமிழ்ப் பேர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். ஏன் என்று டீச்சர் கேட்டாராம். சார்ட்டைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் சுவாசித்ததே எண்ணி எண்ணித்தான். இறுக்கம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை அவள் பேச்சை நிறுத்தும்போதும் நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மனைவியின் அக்கா போனில் அழுதாள். நீ இன்னா பண்ணுவ, நீ சொன்னது ஆளி, நான் வாங்கினது அளீவ் என்று என் மனைவிதான் அவளைத் தேற்றினாள். சரியான ஆளி விதைக்கு இந்த ஊரில் ஜவஸ் என்று பேர். அதே கடையில், அடுத்த டப்பாவில்தான் இருந்திருக்கிறது.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது, மாதம் நிறையும் முன்பே, வலி வந்துவிட்டது. பையன். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்குமான நீளம்தான் இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூக்கில் குழாய் போட்டார்கள். நான் பெட்டிக்கு வெளியே நின்று அவன் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் மறுபடி அதே கேள்வியைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவன் கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த இரண்டாம் நாள் காக்கு ஒரு டப்பா கொண்டுவந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். தேங்காயும் வெல்லமும் போட்டுப் பிடித்த லாடு. ஒவ்வொரு லாடிலும் ஊறிப் பருத்த சிவப்பு விதைகள் பளபளத்தன. காக்கு அதைக் கட்டில் ஓரத்தில் வைத்தார், கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தார், சாப்பிடு என்று வற்புறுத்தாமல் போய்விட்டார்.

என் மனைவிக்குப் பால் சரியாக ஊறவில்லை. பையன் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்தபடி கிடப்பான். அவனுக்கு எடை ஏறவில்லை என்றால் மறுபடி பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தின்னாதே என்று தடுத்ததும் அதே விதையைத்தான், இப்போது தின்னச் சொல்வதும் அதே விதையைத்தான். போனில் டாக்டரம்மாவைக் கேட்டேன். இப்போது சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது என்றார்.

"சாப்பிடலாமாம்" என்றேன்.

என் மனைவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக, குழந்தைத் துணி அலசின தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் மறுபடி பச்சை கட்டியிருந்ததை நான் காலையில்தான் பார்த்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மகள்தான் வந்து டப்பாவைத் திறந்தாள். ஒரு லாடை எடுத்துப் பிட்டாள். என் டிபன் பைக்குப் போய் லென்ஸை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, விதை விதையாகப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அளீவ்" என்றாள். பிட்ட பாதியை அம்மாவின் கையில் வைத்தாள்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். அப்புறம் குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்தாள். மூன்று பேரும் அவன் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.